கடைசியில் வந்தவனின் கூலி

சில வாரங்களுக்கு முன் அருப்புக்கோட்டையில் நடந்த எங்கள் வாசகர் கூடுகையில் திராட்சத் தோட்டக் கூலியாட்களின் கதையை எடுத்துக்கொண்டோம். மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் கதை அது. இலக்கியக் கூடுகையில் வேதக்கதை எதற்கு என்று நண்பர் ஒருவர் தொடக்கத்தில் முகம் சுளித்தார். பேச்சு முடிந்தபோது இரவு பத்தரை. முகம் சுளித்தவர்தான் கடைசிவரை உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய் ஆள் பிடிக்கிறார். நாளொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அனுப்புகிறார். பிறகு காலை ஒன்பது மணியளவிலும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணியளவிலும் போய் மேலும் ஆட்களைக் கூட்டிவருகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது மறுபடியும் போகிறார். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கி எல்லோருக்கும் ஒரே கூலியைக் கொடுக்கிறார். நாள் முழுதும் வெயிலில் கிடந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். உனக்குப் பேசியதைக் கொடுத்துவிட்டேன், இவனுக்கும் அவ்வளவே கொடுப்பது என் விருப்பம், நான் தாராளமாக இருப்பது உன் கண்ணை ஏன் உறுத்துகிறது என்று கேட்டு அவர்களை அனுப்பிவிடுகிறார். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

கூடுகையில் மூன்று தரப்புகள் எழுந்தன. சொந்தமாகப் புஞ்சை வைத்திருக்கும் நண்பர், இது அப்பட்டமான அநியாயம் என்றார். இப்படிக் கூலி கொடுத்தால் மறுநாள் எவன் காலையில் வருவான்? இடதுசாரி இயக்கங்களோடு நெருக்கமான நண்பர், இது முதலாளியின் தயவைப் புகழும் கதை என்றார். என் பணம் என் இஷ்டம் என்று சொல்பவனைக் கடவுளாக்குவது உழைப்பவனுக்குச் செய்யும் துரோகம். திருச்சபையில் பொறுப்பிலிருக்கும் மூத்த நண்பர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். இது கூலியைப் பற்றிய கதையே அல்ல, பரலோகத்தைப் பற்றியது, நீங்கள் வீணாகச் சண்டையிடுகிறீர்கள் என்றார்.

நான்காவது நண்பர் ஒருவர் இருந்தார். அன்று வாயே திறக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போதுதான் சொன்னார். அவருடைய முன்னோர் தாது வருஷப் பஞ்சத்தின்போது கிறித்தவர்களானவர்கள். நான்கு தலைமுறை கடந்தும், சபைக்குள்ளேயே வாக்குவாதம் முற்றும்போதெல்லாம், கஞ்சிக்கு வந்த கூட்டந்தானே என்ற சொல் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது என்றார். “அந்தக் கதையில நாங்கதான் சாயங்காலம் வந்தவங்க. நீங்க மூணு பேரும் காலையில வந்தவங்க மாதிரியே பேசுனீங்க.”

இக்கட்டுரையை அவருக்குச் சொல்லவேண்டிய பதிலாகவே எழுதுகிறோம். மூன்று தரப்புகளும் பிழையானவை என்பது நம் முடிவு. அவற்றுள் ஒன்றை நாமும் அன்று பேசினோம் என்பதால் இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் மறுப்பும்கூட.

*

முதலில் புஞ்சைக்கார நண்பரின் கேள்வி. மறுநாள் எவன் காலையில் வருவான் என்ற கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. மாலையில் வந்தவன் காலையில் படுத்துத் தூங்கியவன் என்பதே அந்த அனுமானம். கதையில் அதற்குச் சான்றில்லை. அவன் சந்தைவெளியில் நாள் முழுதும் நின்றிருக்கிறான். யாரும் கூப்பிடவில்லை.

நம் வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் குண்டாற்றைத் தாண்டிப் போகிறவர் பார்ப்பது கரிசலும், நீரற்ற கண்மாய்களும், கண்மாய்க்குள்ளேயே காடாகிவிட்ட சீமைக்கருவேலமும்தான். ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்தால் அந்த ஆண்டின் களையெடுப்பு இல்லை, பருத்தி எடுப்பு இல்லை, மிளகாய்ப் பழம் பறிப்பு இல்லை. எஞ்சுவது கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவது, அல்லது விடியுமுன் நகரத்துக்கு வந்து மேஸ்திரியின் கண்ணில் படும்படி நிற்பது. அப்படி நிற்கும் கூட்டத்தில் யார் முதலில் எடுக்கப்படுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். தோள் அகன்ற இளைஞன் முதலில் போவான். பிறகு தெரிந்த நிமிந்தாள், தெரிந்த சித்தாள். பத்து மணிக்கு மேலும் தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் வயதானவர், கால் ஊனமானவர், இருமுகிறவர், இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவர். அவர்களைச் சோம்பேறி என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். வேலை செய்தவனுக்கு உடம்பு வலிக்கிறது. வேலை கிடைக்காமல் நின்றவனுக்கு உடம்போடு சேர்த்து வேறொன்றும் வலிக்கிறது. வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்ற கேள்வியை முழு நாளும் சுமந்தவன் அவன். அந்தச் சுமையை எந்தக் கூலிக் கணக்கிலும் ஏற்றியதில்லை.

கதையில் பேசப்படும் கூலி, பழைய தமிழ் வேதாகமம் ‘ஒரு பணம்’ என்றும் பிற்கால மொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்றும் சொல்வது, அக்காலத்தில் ஒரு கூலிக்காரனின் ஒருநாள் கூலி. அவனும் வீட்டாரும் அன்றைய பொழுதைக் கழிக்கத் தேவையான அளவு என்று கொள்ளலாம். பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும், பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள். தோட்டக்காரர் கேட்பது நீ எவ்வளவு செய்தாய் என்றல்ல, இன்றிரவுக்கு உனக்கு எவ்வளவு வேண்டும் என்று. இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால் முதல் கேள்வியை மட்டுமே நீதி என்று அழைத்து நாம் பழகிவிட்டோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் எந்தத் தோட்டத்துக்கும் புது ஆள் தேவைப்படாது. கூலி கொடுக்கக் காரியஸ்தன் ஒருவன் இருக்கிறான் என்று கதையே சொல்கிறது. ஆள் பிடிக்க அவனை அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் தோட்டக்காரரே ஐந்தாம் முறையாகப் போகிறார் என்றால் அவர் வேலைக்கு ஆள் தேடிப் போகவில்லை, ஆளுக்கு வேலை கொடுக்கப் போகிறார்.

நண்பரிடம் நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. உழைப்புக்கேற்ற கூலி என்று இவ்வளவு கறாராகப் பேசும் நாம், களையெடுப்பில் ஒரே நிரையில் குனிந்து நிற்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா கொடுத்து வந்தோம்? சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் நம் புஞ்சைகளில் ஆண்கூலி வேறு, பெண்கூலி வேறு என்றே நடந்து வந்ததை எவர் மறுப்பார்? அளவுக்கேற்ற நீதி என்பதைக் கூடுதலாகக் கொடுப்பதைத் தடுக்க மட்டுமே நாம் எடுக்கிறோம். குறைத்துக் கொடுக்கும்போது அந்த முழக்கோல் எறவாணத்தில் செருகப்பட்டுவிடுகிறது.

*

காலையில் வந்தவர்களின் முணுமுணுப்பைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். எங்களுக்குக் குறைத்துவிட்டீர் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, பேசிய கூலி முழுதாகக் கையில் இருக்கிறது. இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீர் என்பதே அவர்களுடைய குற்றச்சாட்டு. நட்டம் ஒன்றுமில்லை, மற்றவன் சமமானதுதான் வலி. இந்தக் குரலை இம்மண்ணில் பிறந்த எவரும் அடையாளம் கண்டுகொள்வர்.

திருச்சுழிக்குத் தொலைவில்லாத கமுதியில் 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். அவர்கள் உள்ளே போனதால் கோயிலில் அதுவரை வழிபட்டு வந்த எவருடைய வழிபாடும் குறையவில்லை, எவருக்கும் திருநீறு மறுக்கப்படவில்லை. ஆனாலும் வழக்கு வந்தது. மதுரை நீதிமன்றம் 1899இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அங்கும் தோற்றது. சட்டம் வழக்காற்றைக் கேட்டது, சாட்சிகளைக் கேட்டது, ஆவணங்களைப் பார்த்தது. மனித நீதி என்னவெல்லாம் செய்யவேண்டுமோ அவ்வளவையும் செய்து, பூட்டிய கதவைப் பூட்டியே வைத்தது. கோயில் நுழைவு 1939இல் மதுரையில் நடந்து, சட்டமும் வந்தபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இது இந்துக் கோயிலின் கதை என்று கிறித்தவ நண்பர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதி பார்த்துத் தனித்தனியே நின்று பூசை காணும்படி இடையில் தடுப்போடு ஒரு தேவாலயம் எழுந்தது. 1910இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது, அது மீண்டும் வேண்டும் என்று மேல்சாதிக் கிறித்தவர்கள் ஆயர்மீதே வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்களுடைய அப்பத்தின் அளவு குறைந்துவிடவில்லை. அவர்களுக்கும் பரலோகம் பேசியபடியே கிடைக்கவிருந்தது. பக்கத்தில் நிற்பவன் சமமாகிவிட்டான் என்பதைத் தவிர வேறு வழக்கு அவர்களிடம் இல்லை.

தோட்டக்காரரின் கடைசிக் கேள்வியில் வரும் கண் என்பதன் மூலப்பொருள் பொல்லாத கண். நம் ஊரில் கண்ணேறு என்போம். பிள்ளைக்கும் பயிருக்கும் கண்பட்டுவிடும் என்று பூசணிக்காய் உடைக்கிறோம், புஞ்சையில் வெள்ளையடித்த பானையைக் கவிழ்த்து வைக்கிறோம். பிறருடைய கண்ணுக்கு இவ்வளவு அஞ்சும் நாம், நம் கண்ணும் பிறர்மேல் படும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்தவன் பெற்றதைத் தாங்கிக்கொள்ள முடியாத அந்தக் கண்ணுக்கு நீதி என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம் என்பதே இக்கதை சொல்லும் கசப்பான உண்மை.

*

அளவு பார்த்தே கொடுப்போம் என்ற நீதி முழு அதிகாரத்தோடு ஆண்டால் என்ன நடக்கும்? அதற்கும் நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1873-74இல் வங்காள, பீகார் பகுதிகளில் பஞ்சம் வந்தபோது ரிச்சர்டு டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவாக இருந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு ஊதாரி என்ற பழி. அரசாங்கப் பணத்தை வீணடித்துவிட்டார், மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார் என்றார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877இன் தொடக்கத்தில், அதே டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். பழியைக் கழுவ வேண்டியிருந்ததால் இம்முறை முழக்கோலோடு வந்தார். நிவாரண வேலைகளில் மண் சுமந்த வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், சொற்பக் காசும் என்று கூலி குறைக்கப்பட்டது. பெண்ணுக்கு அதனினும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இந்த அளவு உழைக்கும் உடம்பைத் தாங்காது என்று விடாமல் எதிர்த்தார். அவ்வாண்டிலேயே அளவு ஓரளவு கூட்டப்பட்டது. அதற்குள் எத்தனையோ உடம்புகள் தாங்காமல் போயிருந்தன. 1876-78 பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் இந்தியாவில் இறந்தவர்கள் 50 இலட்சத்துக்குக் குறையமாட்டார்கள் என்பதே பொதுவான கணிப்பு.

தாராளமாகக் கொடுத்தபோது மக்கள் பிழைத்தார்கள், கொடுத்தவர் குற்றவாளியானார். அளந்து கொடுத்தபோது மக்கள் மாண்டார்கள், கொடுத்தவருடைய நிர்வாகத்திறன் மெச்சப்பட்டது. பஞ்சக் கூலியை வகுத்தவர்கள் கொடுங்கோலர்கள் அல்லர். நேர்மையாகக் கணக்கெழுதியவர்கள். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்தால் உழைப்பவன் கெட்டுப்போவான் என்று மனதார நம்பியவர்கள். நம் புஞ்சைக்கார நண்பர் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

அந்தப் பஞ்சகாலத்தில்தான் தென்மாவட்டங்களில் பல்லாயிரவர் திருச்சபைகளை நாடி வந்தார்கள். கால்டுவெல் பணியாற்றிய திருநெல்வேலிப் பகுதி அதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. நம் பக்கத்தில், இன்றைய திருச்சுழி வட்டத்து மண்டபசாலை, அமெரிக்க மதுரை மிஷனின் பணித்தலங்களுள் ஒன்றாக இருந்தது. இவர்கள் கஞ்சிக்காக வந்தார்கள் என்ற பேச்சும் உடன் எழுந்தது. அரிசிக் கிறித்தவர்கள் என்ற பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் நிலைத்தது. மிஷனின் எதிரிகள் அதைச் சொன்னது இயல்பு. முன்பே வந்துவிட்டிருந்த கிறித்தவர்களின் வாயிலும் அது இன்றுவரை தங்கியிருப்பதுதான் வெட்கக்கேடு.

கஞ்சிக்கு வந்தார்கள் என்பதை நாம் மறுக்கப் போவதில்லை. ஆம், கஞ்சிக்குத்தான் வந்திருப்பார்கள். அதில் இழிவு எங்கே இருக்கிறது? ஐந்தாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த கதையைத் தன் வேதத்தின் நடுவில் வைத்திருக்கும் ஒரு சமயம், பசித்து வந்தவனைப் பார்த்து நீ பசித்துத்தானே வந்தாய் என்று கேட்கலாமா? முன்னால் வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? பள்ளிக்கூடத்துக்காக, பாதுகாப்புக்காக, உறவுக்காரர் வந்ததற்காக, சிலர் மெய்யான தேடலுக்காக. காலையில் வந்தவனும் கூலிக்குத்தான் வந்தான். தோட்டத்தின் அழகைக் காண எவரும் வரவில்லை.

*

இது அந்நியக் கதை, நம் மரபில் கடவுள் இப்படி நடந்துகொள்வதில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பெரியபுராணத்தை மறுபடியும் புரட்டிப் பார்க்கட்டும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு படியளந்தார். அப்பர் பெற்ற காசு நல்ல காசு. சம்பந்தர் பெற்றதற்குக் கடைத்தெருவில் வாசி, அதாவது வட்டம் பிடித்தார்கள். அதனால் சம்பந்தரின் மடத்தில் உணவு தாமதமானது. ஏன் இந்த வேறுபாடு? அப்பர் கையால் உழவாரத் தொண்டு செய்தவர் என்பது சேக்கிழார் தரும் காரணம். உடலுழைப்புக்கேற்ற கூலி. சம்பந்தர் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டு இருந்துவிடவில்லை. வாசியை நீக்கித் தரும்படி பாடினார். இறைவனும் நீக்கித் தந்தார். அப்பர் முணுமுணுத்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. பஞ்சத்தில் வாசி பார்க்காதே என்று அடியவனே ஆண்டவனிடம் கேட்ட மரபு நம்முடையது. கேட்டதைக் கொடுத்த ஆண்டவனும் நம்முடையவன்.

மதுரைக்காரர்களுக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சொல்லவேண்டியதில்லை. வைகையின் கரையடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து கொடுக்கப்பட்டபோது, ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றார், வேலையைச் செய்யாமல் ஆடிப்பாடித் தூங்கினார். பங்கு அடைபடவில்லை என்று பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அவன்மேலும் எல்லா உயிர்கள்மேலும் விழுந்தது. யூதேயாவின் கதையில் கடவுள் கூலி கொடுப்பவர், மதுரையின் கதையில் கடவுள் குறைவேலை செய்த கூலிக்காரன். ஆனால் இரண்டிலும் அவர் நிற்பது அளவுகோலுக்கு எதிர்ப்பக்கத்தில். வேலை குறைந்ததென்று ஒரு கூலிக்காரனை அடித்தால் அந்த அடி ஊர் முழுவதன் முதுகிலும் விழும் என்று சொன்ன கதையைப் போற்றி, ஆவணிதோறும் திருவிழாவும் எடுத்துவிட்டு, நாம் எந்த வாயால் மாலையில் வந்தவனுக்கு முழுக்கூலி அநியாயம் என்று சொல்கிறோம்?

அருளுக்குத் தகுதி வேண்டுமா என்ற வழக்கு வைணவத்தில் இருபெரும் பிரிவுகளையே உண்டாக்கிற்று. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி ஒரு பக்கம், தாயே கவ்விச்செல்லும் பூனைக்குட்டி மறுபக்கம். காரணமற்ற கருணை என்று தென்கலையார் பேசியதைத்தான் திராட்சத் தோட்டக்காரரும் பேசுகிறார். திருச்சுழியல் சுந்தரரின் பாடல் பெற்ற தலம். நட்பின் உரிமையில் இறைவனிடம் பொன்னும் நெல்லும் கேட்டு வாங்கியவர் சுந்தரர். அந்தத் திருச்சுழியில்தான், பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879 டிசம்பர் 30 அன்று இரமணர் பிறந்தார். பின்னாளில் மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பதினாறு வயதுச் சிறுவனுக்கு 1896இல் நேர்ந்த அனுபவத்துக்கு எந்த நெடுந்தவத்தையும் முன்கூலியாகக் காட்ட முடியாது. தகுதியின் கணக்குக்கு அடங்காத கொடை என்பது இம்மண் அறியாத கருத்தன்று.

*

இடதுசாரி நண்பரின் மறுப்பு இவற்றையெல்லாம்விட வலுவானது. கருணை கொடுப்பவனின் விருப்பத்தைச் சார்ந்தது, இன்று கொடுப்பான், நாளை மறுப்பான், உரிமை என்பது கேட்டுப் பெறக்கூடியது என்றார். என் பணம் என் இஷ்டம் என்ற சொல்லை ஜமீன்கள் காலத்திலிருந்து நாம் கேட்டு வருகிறோம், அந்தச் சொல்லால் நம் வயிறு நிறைந்ததில்லை என்றார். இதில் ஓர் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஜமீன்தார் அந்தச் சொல்லைச் சொன்னது குறைத்துக் கொடுக்க. தோட்டக்காரர் அதைச் சொல்வது கூட்டிக் கொடுக்க. காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசைக்கூடத் தொட அவருக்கு உரிமையில்லை, அவரும் தொடவில்லை. நீதியை முழுதாகச் செலுத்திய பிறகே அவருடைய தாராளம் தொடங்குகிறது. கதையின் இந்த வரிசை மிக முக்கியமானது. பேசிய கூலியைப் பிடித்தம் செய்துவிட்டுத் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவன் தாராளமானவன் அல்லன், திருடியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பவன். கருணை நீதியின் கூரைமேல் நிற்கும் மாடி. கீழ்த்தளத்தை இடித்துவிட்டு மாடி கட்ட முடியாது.

ஜான் ரஸ்கின் இக்கதையிலிருந்தே தன் நூலுக்குத் தலைப்பு எடுத்தார். 1860இல் ஒரு மாத இதழில் அக்கட்டுரைகள் வந்தபோது வாசகர்கள் கொதித்தெழுந்ததால், இதழாசிரியர் தாக்கரே நான்கோடு நிறுத்திவிட்டார். பரலோகத்தில் சமக்கூலி என்றால் ஞாயிறுதோறும் கேட்டுத் தலையாட்டியவர்கள், பட்டறையிலும் ஆலையிலும் அதை யோசிப்போம் என்றதும் கொதித்தார்கள். காந்தி அந்நூலை 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் இரயிலில் ஓரிரவில் படித்தார். பீனிக்ஸ் குடியிருப்பு பிறந்தது. 1908இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதியபோது சர்வோதயம் என்று பெயரிட்டார். கருணை தனிமனிதரின் விருப்பமாக நின்றுவிடாமல் ஏற்பாடாக மாற முடியும், மாறவேண்டும் என்பதற்கு இது சான்று.

அப்படி மாறியவற்றில் ஒன்று நாம் கண்ணாரக் கண்ட நூறு நாள் வேலை. 2005இல் சட்டமாகி, 2008இல் நாட்டின் ஊரகப் பகுதிகள் முழுவதற்கும் வந்து, 2025 இறுதியில் அதனிடத்தில் வேறொரு சட்டம் வரும்வரை நடந்தது. அதில் குறைகள் ஏராளம். மண்ணை அளந்து கூலி வெட்டியதும் உண்டு, கூலி வர மாதக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு. ஆனால் அதன்மேல் நம் ஊர்களில் எழுந்த குற்றச்சாட்டு இவையல்ல. கிழவிகள் கண்மாய்க்கரையில் உட்கார்ந்துகொண்டு காசு வாங்குகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெயிலில் தட்டுச்சட்டி தூக்கிய அறுபது வயதுக்காரியைப் பார்த்து இதைச் சொன்னவர்களில் நம் நண்பர்களும் உண்டு, நாமும் உண்டு. சந்தைவெளியில் எவரும் கூப்பிடாத அந்தக் கிழவியைச் சட்டம் ஒன்று கூப்பிட்டது. அது நம் கண்ணை உறுத்தியது.

*

கடைசியாக, பரலோகத்துக்குள் கதையைப் பூட்டிவைக்கும் மூத்த நண்பர். கதை பரலோக இராச்சியத்துக்கு உவமையாகத்தான் சொல்லப்பட்டது, ஐயமில்லை. ஆனால் உவமையில் வரும் கூலி சாயங்காலமே கொடுக்கப்படுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தின் சட்டம். அவன் அதை நம்பியே உயிர்வாழ்கிறான் என்ற காரணத்தையும் அச்சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை அறிந்தவர்களிடம் சொல்லப்பட்ட கதை இது. வயிற்றுப் பாட்டைக் கழித்துவிட்டால் உவமையில் எஞ்சுவது வெறும் பண்டிதம்.

கடவுளின் தாராளத்தைப் பற்றிப் பேசும் உரிமை சபைக்கு எப்போது வரும்? பேசிய கூலியை முதலில் கொடுத்த பிறகு. ஒரே கிண்ணம் என்று ஞானஸ்நானத்தின்போது பேசிவிட்டுத் தனிக் கல்லறை கொடுத்த இடங்கள் தமிழகத்தில் ஒன்றிரண்டல்ல. கிருபையின் மிகுதியை அங்கே பிரசங்கிப்பவர் முதலில் பாக்கியைத் தீர்க்கட்டும். பாக்கி வைத்திருப்பவன் தாராளத்தைப் பற்றிப் பேசினால் அது ஏமாற்று. நம் நான்காவது நண்பருடைய வீட்டார் கஞ்சிக்கு வந்தவர்கள் என்றால், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுக்குச் சேரவேண்டிய சமமரியாதை என்ற கூலி இன்னும் வரவில்லை. அவர்கள் கேட்பது கருணையை அல்ல. அவர்கள் கேட்பது கதையின் முதல் பாதியை.

காலையில் வந்தவனின் களைப்பை நாம் எள்ளி நகையாடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவனுக்குக் கோபம் வருவது இயல்பு. தோட்டக்காரரும் அவனைத் திட்டவில்லை, நண்பனே என்றுதான் அழைக்கிறார். அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று கதை சொல்லவில்லை. ஒருவேளை மாலையில் வந்தவன் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரனாக இருந்திருக்கலாம். அன்றிரவு இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்ததைக் கண்டு அவன் கோபம் தணிந்திருக்கலாம், அல்லது கூடியிருக்கலாம்.

அடுத்த கூடுகைக்கு நான்காவது நண்பரை முதலில் பேச அழைத்திருக்கிறோம். மற்ற மூவரும் நாமும் கடைசியில் பேசுவோம்.